நடு அறையின் பச்சை வெளிச்சம்

என் மனைவியின் வலது கை முறிந்தது என்னால்தான். இதை முதல் வரியில் எழுதிவிட்டால் மற்றதை எழுதுவது லேசாக இருக்கும் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

மகளுக்குச் சீதனமாகக் கொடுத்த வீட்டில்தான் நாங்கள் இருவரும் இருக்கிறோம். கிழக்கிலங்கையின் மருதமுனையில், மெயின் ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில் உள்ள வீடு. பெண் பிள்ளைக்கு வீட்டைக் கட்டி எழுதிக் கொடுத்துவிட்டுப் பெற்றவர்கள் பின்னறைக்கு ஒதுங்கிக்கொள்வது எங்கள் பக்கத்து வழமை. முன் ஹோலும் மேல் மாடியும் மகளுடையவை, பின்னறையும் அதை ஒட்டிய குளியலறையும் எங்களுடையவை. இரண்டுக்கும் இடையில் ஒரு நடு அறை உண்டு. நான் வாசிப்பதும் தொழுவதும் பகலில் கண்ணயர்வதும் அங்கேதான்.

மனைவிக்குப் பாரிசவாதம் வந்து இடது பக்கம் செயலற்றுப் போனபோது, கட்டாரில் வேலை செய்யும் மருமகன் லீவில் வந்தார். வரும்போது ஒரு பெட்டி நிறையச் சாமான்கள் கொண்டுவந்தார். குளியலறைக்குள் கால் வைத்தால் தானாக எரியும் லைட், ஃபோனிலிருந்து போட்டு நிறுத்தும் தண்ணீர் மோட்டர், கேற்றுக்கு ஒரு கமரா. எல்லாவற்றிலும் முக்கியமானது மனைவியின் கட்டில் சட்டத்தில் கட்டிய ஒரு சின்ன வெள்ளைப் பட்டன். அவள் அதை அமத்தினால் என் ஃபோனிலும் மகளின் ஃபோனிலும் கோழிக்குஞ்சு கத்துவது போல ஒரு சத்தம் வரும்.

இவை எல்லாவற்றுக்கும் தலைமை முன் ஹோலில் இருந்த ஒரு வெள்ளைப் பெட்டி. பின்னறைப் பட்டனின் அலைக்கு அவ்வளவு தூரம் போகப் பலமில்லை. நடுவில் இரண்டு பழைய தடித்த சுவர்கள் இருந்தன. அதனால் நடு அறையின் மேற்குச் சுவரில், தரைக்கு ஒரு முழம் மேலே, ஒரு பிளக்கைச் செருகினார் மருமகன். பட்டன் சொல்வதை அது வாங்கிப் பெட்டிக்குக் கொடுக்கும்.

"மாமா, இந்தப் பிளக்க மட்டும் ஒருத்தரும் கழட்டப்படாது. மாமிட அறைக்குச் சிக்னல் இதாலதான் பாஞ்சு போற."

"ஓம் மனே" என்றேன்.

சொன்னது காதில் விழுந்தது. ஆனால் நான் முப்பது வருஷம் உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பித்தவன். அலை 'பாஞ்சு போற' என்று அவர் சொன்னதில் பிழை பிடித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிழையில் நின்றுவிட்டதால் மற்ற வார்த்தைகள் மனதில் தங்கவில்லை.

அவர் நின்ற மூன்று கிழமையும் எல்லாம் ஒழுங்காக நடந்தன. அந்த நாட்களில் ஐந்து நேரமும் அவர்தான் என்னைக் காரில் ஏற்றித் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோவார். அவர் கட்டாருக்குத் திரும்பிய மறுநாள் தொடக்கம் கோளாறு தொடங்கியது. நடு அறைப் பிளக்கும் அதற்குப் பின்னால் உள்ள எல்லாமும் ஒன்றாகச் செத்துப்போகும். மகளின் ஃபோனில் சிவப்புக் கோடு விழும். பிறகு பத்து நிமிஷத்தில், சிலவேளை ஒரு மணித்தியாலத்தில், தன்பாட்டில் உயிர் வரும்.

"மருமகன் போன கவல பெட்டிக்கும் பிடிச்சிட்டுப் போல" என்றாள் மனைவி. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தாலும் அவளுடைய நாக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

முழங்கால் வலி காரணமாக, மருமகன் போன பிறகு நான் வீட்டிலேயே கதிரையில் இருந்து தொழத் தொடங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு மட்டும் ஓட்டோவில் பள்ளிக்குப் போவேன். தொழும் திசையான கிப்லாவைப் பார்த்துக் கதிரையைப் போட்டால் எனக்கு நேரே அந்த மேற்குச் சுவர். குனியும்போது கண் போய் விழும் இடத்தில் அந்தப் பிளக். அதில் பச்சை வெளிச்சம் ஒன்று விட்டு விட்டு மினுங்கும். எத்தனையாவது ரக்அத் என்று இரண்டு மூன்று தரம் மறந்து போனேன். முதலில் தொப்பியால் மூடிப் பார்த்தேன், விழுந்துவிட்டது. பிறகு தொழுகை தொடங்கத் தக்பீர் கட்டுமுன் அதைக் கழற்றித் தொழுகை விரிப்பான முசல்லாவின் ஓரத்தில் வைப்பேன், தொழுது முடிந்ததும் திரும்பச் செருகுவேன். சிலவேளை செருக மறந்து அப்படியே எழும்பிப் போய்விடுவேன், நினைவு வந்ததும் வந்து செருகுவேன்.

வாசிப்பவர்களுக்கு இதற்குள் எல்லாம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றும்போது, இன்று நான் ஒரு காரியம் செய்தேன் என்று யாரும் நினைவில் வைப்பதில்லை. பிளக்கைக் கழற்றுவதும் எனக்கு அப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. கைகால் கழுவி ஒளுவெடுப்பது, தொப்பி போடுவது, பிளக்கைக் கழற்றுவது.

கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு கொப்பி வாங்கினேன். முதல் பக்கத்தில் சந்தேகங்களை எழுதினேன். கடற்காற்றின் உப்பு, கூரைத் தகடு, குசினியில் உள்ள மைக்ரோவேவ், அடுத்த வீட்டு மெஷின் தறியின் மோட்டர், பட்டனின் பற்றரி. ஒவ்வொன்றாகச் சோதித்தேன். பெட்டியை ஹோலின் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்தேன். மனைவியைக் காலையிலிருந்து பின்னேரம் வரை பட்டனை அமத்தச் சொல்லி, எப்போது சத்தம் வந்தது, எப்போது வரவில்லை என்று குறித்தேன். கோளாறைக் கண்ட நேரங்களையெல்லாம் வரிசையாக எழுதினேன். உண்மையைச் சொன்னால், ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு உற்சாகமாக நான் இருந்ததில்லை.

"நான் தண்ணிக்குத்தான் அமத்தின" என்றாள் ஒருநாள். "நீங்க கொப்பியத் தூக்கிட்டு வந்து நிக்கிறீங்க. தண்ணி எங்க?"

"இரிங்க புள்ள, நேரத்த எழுதிட்டு வாறன்."

"எழுதுங்க, எழுதுங்க. நான் தாகத்தில மவுத்தான நேரத்தையும் எழுதி வைங்க."

நற்பிட்டிமுனையிலிருந்து கரண்ட் வேலை செய்கிறவரைக் கூப்பிட்டோம். இந்த வீடு கட்டிய நாளிலிருந்து வயரிங் எல்லாம் அவர்தான் செய்துவருகிறார். ஐம்பது வயதிருக்கும். வயலும் செய்கிற தமிழர். மூன்று தரம் மோட்டார் சைக்கிளில் வந்தார். மூன்று தரமும் நடு அறைச் சுவரை உடைத்து, வயரை மாற்றி, பூசிவிட்டுப் போனார். மூன்றாவது தரம் கைத்தூசியைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"சேர், வயர்ல ஒண்டுமில்ல. வயர் பிழை எண்டா ஒரேயடியாப் போகும். இது போகுது, வருது. ஆரோ போட்டு நிப்பாட்டுற மாதிரிக் கிடக்கு. வீட்டுல பேய் ஏதும் இரிக்கோ?"

நான் சிரித்தேன். "தம்பி, நீங்க வயரப் பாருங்க. அலையை நான் பாக்கிறன்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார்.

அதற்கடுத்த கிழமை, ஒரு பின்னேரம், அஸர் தொழுகை நேரம். மகள் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், வரப் பிந்தும் என்று சொல்லியிருந்தாள். நான் கதிரையில் இருந்து தொழுதேன். தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தவன் அப்படியே நித்திரையாகிப் போனேன். ஃபோன் பக்கத்தில்தான் கிடந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது, பின்னறையில் பிளாஸ்டிக் வாளி உருளும் சத்தம் கேட்டுத்தான் விழித்தேன்.

கட்டிலுக்கும் கொமட் கதிரைக்கும் நடுவில் அவள் விழுந்து கிடந்தாள். வலது கை உடம்புக்குக் கீழே மடிந்திருந்தது. உடுப்பு நனைந்திருந்தது. காலால் வாளியைத் தட்டியிருக்கிறாள்.

"அமத்தினீங்களா?" என்று கேட்டேன். விழுந்து கிடப்பவளிடம் நான் கேட்ட முதல் கேள்வி அது.

"அமத்தினன்."

"எத்தின தரம்?"

"நான் என்ன கொப்பியா வெச்சிரிக்கன்?"

தூக்க என்னால் முடியவில்லை. தலைக்குத் தலையணை வைத்தேன், ஒரு சாரனால் மூடினேன், மகளுக்கு ஃபோன் எடுத்தேன். அதன் பிறகு செய்ததுதான் இத்தனை நாளும் என்னைக் குடைவது. மகள் வருமுன் நடு அறைக்குப் போய், முசல்லாவில் கிடந்த பிளக்கை எடுத்துச் செருகினேன். வழக்கம்போலச் செருகினேன் என்றுதான் பல நாள் எனக்கு நானே சொன்னேன். ஆனால் வழக்கமாகச் செய்வதை யாரும் அவ்வளவு அவசரமாகச் செய்வதில்லை. எனக்குள் ஏதோ ஒன்று அப்போதே அறிந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு முறிவு என்று பிளாஸ்டர் போட்டார்கள். இடது கை ஏற்கனவே இல்லை. இப்போது வலது கையும் இல்லை.

கேள்விப்பட்டு, மறுநாள் பின்னேரம் கரண்ட் வேலைக்காரர் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். மகள் ஹோலிலேயே அவரை மறித்தாள்.

"மூணு தரம் சுவர ஒடச்சீங்களே, என்னத்தக் கண்டீங்க? ஒழுங்காச் செஞ்சிருந்தா என்ட உம்மாட கை ஒடஞ்சிருக்குமா?"

"தங்கச்சி, வயர்ல பிழையில்ல."

"அப்ப எதில பிழை? உம்மாவிலயா?"

அவர் என்னைப் பார்த்தார். "சேர், நீங்களெண்டாலும் சொல்லுங்க."

நான் சொன்னேன்: "வயரிங்லயும் ஏதாவது இருக்கலாம்."

அவர் பழப்பையைக் கதிரையில் வைத்துவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் ஆகும் சத்தம் வரும்வரை நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்துக் கொப்பியை எடுத்தேன். நேரங்களை மேலிருந்து கீழே பார்த்தேன். நாளுக்கு ஐந்து. ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய அதே நேரங்கள், ஆனால் கிழமை போகப் போக ஒன்றிரண்டு நிமிஷம் நகர்ந்திருந்தன. சுவரில் பள்ளிவாசலின் தொழுகை நேர அட்டவணை தொங்கியது. அதைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தேன். இரண்டும் சேர்ந்தே நகர்ந்திருந்தன. வெள்ளிக்கிழமை வரிசைகளில் நடுப்பகல் லுஹர் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. ஒரு வெள்ளி தவறாமல். அந்த நேரம் நான் ஜும்ஆவில் இருந்தேன்.

ஒரு மாணவன் இப்படி ஓர் அட்டவணையைக் கொண்டுவந்து, "சேர், காரணம் தெரியல்ல" என்று சொல்லியிருந்தால் வகுப்புக்கு வெளியே நிறுத்தியிருப்பேன்.

அன்றிலிருந்து பிளக்கைத் தொடவில்லை. பெட்டி ஒரு நிமிஷம்கூட அறுபடவில்லை. இதற்கிடையில் மகள் வேறொருவரைக் கூட்டிவந்து அதே சுவரை நாலாவது தரம் உடைத்துப் பூசச் செய்திருந்தாள். பெட்டி சரிவந்த பெயர் அந்தப் புதியவருக்குப் போயிற்று. "பழைய ஆளுக்கு வேல தெரியாது" என்று தன் பள்ளிக்கூடத்து ஆசிரியைகளிடம் சொல்லியிருக்கிறாள். புதுவீடு கட்டுகிற இரண்டு பேர் பழையவருக்குக் கொடுக்க இருந்த வேலையை மாற்றிவிட்டார்கள். இதையெல்லாம் மகள் சாப்பாட்டு மேசையில் சொன்னாள். நான் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டு முள் எடுத்தேன்.

முள் எடுத்தது மனைவிக்காக. பிளாஸ்டர் வெட்டும்வரை, ஒன்றரை மாதம், மூன்று நேரமும் நான்தான் அவளுக்கு ஊட்டினேன். அவள் வாயைத் திறப்பாள். கண் மட்டும் கூரையைப் பார்க்கும். பிளாஸ்டருக்கு வெளியே விரல்கள் இருந்தன, பட்டனை அமத்தலாம். அவள் ஒரு தரமும் அமத்தவில்லை. நான் போய்ப் பார்க்கும்வரை எதையும் அடக்கிக்கொண்டு கிடப்பாள்.

"ஏன் அமத்துறீங்கல்ல? இப்ப வேல செய்யிதுதானே."

"தேவ வரல்ல."

போய்ப் பார்த்தால் விரிப்பு நனைந்திருக்கும்.

பிளாஸ்டர் வெட்டிக் கொண்டுவந்த அன்று, லுஹருக்குப் பிறகு, கட்டில் ஓரத்தில் இருந்து அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பச்சை வெளிச்சம், கழற்றியது, விழுந்து கிடக்கும்போது ஓடிப்போய்ச் செருகியது, கரண்ட் வேலைக்காரரைக் காட்டிக்கொடுத்தது. ஒரு மனிசருக்குச் செய்த அநியாயத்தை அந்த மனிசர்தான் மன்னித்துப் பொருந்தவேண்டும், அல்லாஹ்விடம் மட்டும் கேட்டு முடியாது என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். "பொருந்திக்கங்க" என்றேன்.

அவள் பிளாஸ்டர் வெட்டிய கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப நான் அமத்தினது ஒங்களுக்குக் கேக்கல்லயா?"

"பிளக்க நான்தானே கழட்டி..."

"அதில்ல கேக்கிற. ஒங்களுக்குக் கேக்கல்லயா?"

"கேக்கல்ல."

அவளுடைய முகத்தின் வலது பாதி சிரித்தது. கண்ணீரும் வந்தது. "கேட்டிட்டும் வராம இரிக்கிறீங்க எண்டு நெனச்சன். மனிசனுக்கு அலுத்துப் போச்சி எண்டு நெனச்சன். அலுக்கும்தானே. நான் ஒண்டும் கோவிக்கல்ல. அதுதான் கரச்சல் குடுக்காம இருப்பம் எண்டு பட்டனத் தொடல்ல."

அன்று பின்னேரம் அவள் தன் கையாலேயே பிஸ்கட்டைத் தேத்தண்ணீரில் நனைத்துச் சாப்பிட்டாள். மகளோடு பகிடி விட்டாள். அந்தச் சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு ஏலவில்லை. ஏனென்றால் அவள் நினைத்தது முழுப்பொய் இல்லை.

மறுநாள் காலை மிச்சத்தையும் சொன்னேன். ஒழுங்காக வேலை செய்த நேரங்களிலும், ஃபோன் கத்துவதைக் கேட்டுக்கொண்டு எழும்பாமல் இருந்திருக்கிறேன். ஒருக்கால் பேப்பர் வாசித்துக்கொண்டு. ஒருக்கால் சும்மா. முழங்கால் வலி என்று சொல்லலாம், ஆனால் அது வலி இல்லை, அலுப்பு. பெட்டி நம்ப முடியாதது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அது எனக்கு வசதியாக இருந்தது.

"எத்தின தரம்?" என்றாள்.

"ரெண்டு மூணு தரம்."

"ரெண்டா, மூணா? படிப்பிச்ச மனிசனுக்கு எண்ணத் தெரியாதா?"

"மூணு."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "மொதல்ல அந்த மனிசனுக்கிட்டப் போங்க. எனக்கிட்டப் பொறகு கேளுங்க."

ஓட்டோ பிடித்து நற்பிட்டிமுனைக்குப் போனேன். அவர் வாசலில் படங்கு விரித்து நெல் காயப்போட்டு, காலால் கிளறிக்கொண்டிருந்தார். கதிரை கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். அவர் கிளறுவதை நிறுத்தாமல் கேட்டார். படங்கின் அந்தக் கரைக்குப் போய்த் திரும்பி வந்தார்.

"ஆரோ போட்டு நிப்பாட்டுறாங்க எண்டு நான் சொன்னன்தானே சேர்."

"ஓம்."

"பேய் எண்டும் சொன்னன். அதுவும் பெரிசாப் பிழைச்சுப் போகல்ல."

"ஓம் தம்பி."

"மகளுக்குச் சொன்னீங்களோ?"

"இன்னும் இல்ல."

"என்னை ஏசினது உங்கட ஹோல்ல. இஞ்ச வந்து நெல்லுக்குச் சொல்லி என்ன செய்யிற?" அதற்குப் பிறகுதான் காலை நிறுத்தினார். "இரிங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க."

குடித்தேன். சீனி கூட இருந்தது. பொருந்தினேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகள் பள்ளிக்கூடத்தால் வந்து பையைக்கூட வைக்கவில்லை, ஹோலில் வைத்தே சொன்னேன். அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "வாப்பா" என்று மட்டும் சொன்னாள். பிறகு என் முன்னாலேயே அவருக்கு ஃபோன் எடுத்து, "அண்ணன், பிழ எங்கட பக்கம்" என்று தொடங்கி, பாதியில் அழுதுவிட்டாள். பள்ளிக்கூடத்திலும் யாரிடம் எதைச் சொன்னாளோ அவர்களிடமே போய் மாற்றிச் சொன்னாள். ஒரு வீட்டு வேலை அவருக்குத் திரும்பிக் கிடைத்தது. மற்றது போனது போனதுதான். என்னோடு அவள் இரண்டு நாள் கதைக்கவில்லை. சோற்றை மேசையில் வைத்துவிட்டுப் போவாள்.

மூன்றாம் நாள் கரண்ட் வேலைக்காரர் வந்தார். பிளக்கின் முன்னால் குந்தி, சட்டைப் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து, நகத்தளவு வெட்டி, பச்சை வெளிச்சத்தின் மேல் ஒட்டினார். அவ்வளவுதான் வேலை. எழும்பி என்னைப் பார்த்தார். "இத நீங்க எனக்கிட்ட முதல் நாளே சொல்லியிருந்தா, சுவர் தப்பியிருக்கும்" என்றார். பின்னறைக்குப் போய் மனைவியோடு கதைத்துச் சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு மனைவியிடம் திரும்பவும் கேட்டேன். "பாப்பம்" என்றாள்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, அஸர் தொழுதுகொண்டிருந்தேன். இரண்டாவது ரக்அத். பக்கத்தில் கிடந்த ஃபோன் கோழிக்குஞ்சு போலக் கத்தியது. விழுந்த நாளுக்குப் பிறகு அவள் அமத்தியது அதுதான் முதல் தரம். ஆபத்தில் ஒருவர் கூப்பிட்டால் தொழுகையை விட்டுப் போகலாம் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்தவர்களே சொல்லித் தந்திருக்கிறார்கள். விட்டேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு, சுவரில் கை வைத்து வைத்துப் போனேன்.

அவள் தலையணையில் சாய்ந்து, உலர்ந்த விரிப்பில், சுகமாக இருந்தாள். பெருவிரல் பட்டனில் இருந்தது.

"என்ன வேணும்?"

"ஒண்டுமில்ல. பாத்தன்."

திரும்பி வந்து முதலிலிருந்து தொழுதேன்.

அதன் பிறகு இன்னொரு நாள், நான் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போது அப்படிக் கூப்பிட்டாள். போனேன். "ரெண்டு" என்றாள். நான் எழும்பாமல் விட்ட மூன்றில் மூன்றாவது இன்னும் வரவில்லை. தண்ணீருக்கும் கொமட்டுக்கும் கூப்பிடுகிறாள், அவை கணக்கில் இல்லை என்று எனக்குத் தெரியும். ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடு அறையில் இருக்கிறேன். சத்தம் கூடுதலாகத்தான் வைத்திருக்கிறேன்.